வெளிநாட்டில் புது நண்பர்களோடு ஒரே வீடு: ஜெர்மனியில் கையெழுத்துப் போடும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

இப்படி ஒரு சூழலை யோசித்துப் பாருங்கள். விசா வாட்ஸ்ஆப் குரூப்பில் இரண்டு பேர் அறிமுகமாகிறார்கள். ஒருவர் கோவை, இன்னொருவர் ஹைதராபாத். மூன்று பேருக்கும் ஒரே ஜெர்மன் நகரம், ஒரே பல்கலைக்கழகம். தனியாக ரூம் கிடைக்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து மாதம் 1,500 யூரோ வாடகைக்கு ஒரு வீடு எடுக்கிறீர்கள். ஆளுக்கு 500. முதல் சில மாதங்கள் சாம்பாரும் கீ-போர்டுமாக ஜாலியாகப் போகிறது.

எட்டாவது மாதம் ஒருவருக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்து, "சாரி மச்சான், நான் கெளம்புறேன்" என்று பெட்டியோடு போய்விடுகிறார். இன்னொருவர் இரண்டு மாதமாக வாடகை தரவில்லை. மூன்றாவது நபரான உங்களுக்கு வீட்டு உரிமையாளரிடமிருந்து மெயில் வருகிறது: முழு 1,500 யூரோவையும் நீங்களே கட்டுங்கள்.

"என் பங்கு 500தானே?" என்று கேட்பீர்கள். அவர் அப்படிக் கேட்பது சட்டப்படி சரியா?

நீங்கள் மூவரும் முதல் நாளில் எந்த வகைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். மூவரும் எவ்வளவு நெருங்கிய நண்பர்கள் என்பது அங்கே கணக்கில் வராது. அந்தக் காகிதங்கள் என்னென்ன, ஒவ்வொன்றிலும் உங்கள் பணத்துக்கும் விசாவுக்கும் என்ன நடக்கலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

பகிர்ந்த வீடு ஏன் கிட்டத்தட்ட கட்டாயம்?

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் அதிகம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்களின் எண்ணிக்கை 49,483. வேலைக்காகப் போகிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

மாணவர் விசாவுக்கு, செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பெரும்பாலானோர் 'ஷ்பெர்கொன்ட்டோ' எனப்படும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் அந்தப் பணத்தைப் போடுகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் இதற்கான தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும்தான் வெளியே எடுக்கலாம்.

இப்போது வாடகையைப் பாருங்கள். மோசஸ் மெண்டல்சோன் நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-25 குளிர்காலப் பருவம் தொடங்கும்போது பகிர்ந்த வீட்டில் ஓர் அறையின் சராசரி வாடகை 489 யூரோ. மியூனிக் நகரில் 790 யூரோ.

கணக்குப் போட்டால், நாட்டின் சராசரி அறை வாடகையே உங்கள் 992 யூரோவில் பாதியை எடுத்துவிடும். மியூனிக்கில் கிட்டத்தட்ட 80% போய்விடும். சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, பயணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 202 யூரோதான் மிச்சம். இது ஓர் அறைக்கான வாடகை மட்டும். தனி வீடு என்றால் இன்னும் ஏறும். தனி வீட்டுக்கு உரிமையாளர்கள் சம்பளச் சீட்டையும், 'ஷூஃபா' எனப்படும் கடன் வரலாற்று அறிக்கையையும் கேட்பார்கள். நேற்று வந்து இறங்கிய உங்களிடம் இரண்டும் இருக்காது.

அதனால் பெரும்பாலானவர்களுக்கு முதல் வீடு பகிர்ந்த வீடாகவே அமைகிறது. அங்கே அதற்கு 'வோன்கெமைன்ஷாஃப்ட்' என்று பெயர். பேச்சில் சுருக்கமாக 'வேகே'. ஆளுக்கு ஓர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது. நம்ம ஊர் பேச்சிலர் ரூம் போலத்தான். ஒரே வித்தியாசம், இதில் எழுத்து வேலை அதிகம்.

மூன்று வகை ஒப்பந்தம்: உங்களுடையது எது?

வேகே வீடுகளில் பொதுவாக மூன்று வகை ஏற்பாடுகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும். சிக்கல் வரும்போதுதான் வித்தியாசம் புரியும்.

முதல் வகை: எல்லோரும் சேர்ந்து கையெழுத்து

ஒரே ஒப்பந்தம், அதில் எல்லோருடைய பெயரும் இருக்கும். எல்லோருமே 'ஹௌப்ட்மீட்டர்', அதாவது முதன்மை வாடகைதாரர்கள். மூவரும் சமம் என்பதால் இதுதான் நியாயமானது என்று தோன்றும்.

ஆனால் ஜெர்மன் குடிமைச் சட்டம் இவர்களைக் கூட்டுக் கடனாளிகளாகப் பார்க்கிறது. முழு வாடகையையும் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கும் உரிமை வீட்டு உரிமையாளருக்கு உண்டு. "நாங்க ஆளுக்கு 500ன்னு பேசி வெச்சிருக்கோம்" என்பது உங்களுக்குள் இருக்கும் கணக்கு. அது அவரைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, மற்ற இருவரிடமிருந்து அவர்களின் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, நாம் முதலில் பார்த்த மெயில் இந்த வகை ஒப்பந்தம் என்றால் சட்டப்படி சரி.

இன்னொரு சிக்கல், வெளியேறுவது. இந்த ஒப்பந்தத்தை ஒருவர் மட்டும் தனியாக ரத்து செய்ய முடியாது. எல்லோரும் சேர்ந்துதான் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெட்டியோடு போன நண்பர் சட்டப்படி இன்னும் வாடகைதாரர்தான். அவருக்குப் பதில் வேறொருவரைச் சேர்க்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும். "வேகேன்னா ஆள் மாறிக்கிட்டேதானே இருப்பாங்க" என்ற வாதம் நீதிமன்றம் வரை போனது. அப்படி ஆள் மாற்றிக்கொள்ளும் உரிமை தானாக வந்துவிடாது, ஒப்பந்தத்திலிருந்து அது தெரிய வேண்டும் என்று ஜெர்மன் பெடரல் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

அதனால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்: ஒருவர் போனால் அவருக்குப் பதில் ஆள் சேர்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா? அந்த ஒரு வரி பின்னால் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

இரண்டாம் வகை: ஒருவர் முதன்மை, மற்றவர்கள் உள்வாடகை

ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒருவர் வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, அறைகளை மற்றவர்களுக்கு விடுவார். நீங்கள் 'உன்டர்மீட்டர்', அதாவது உள்வாடகைதாரர். புதிதாகப் போகிறவர்களுக்கு அதிகம் கிடைப்பது இந்த வகைதான்.

இதில் நல்லது என்னவென்றால், உங்கள் அறைக்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பு. பக்கத்து அறைக்காரர் வாடகை தராவிட்டால் அது முதன்மை வாடகைதாரரின் பிரச்சனை.

ஆபத்தும் இருக்கிறது. உங்களுக்கு வீட்டு உரிமையாளரோடு நேரடி ஒப்பந்தம் கிடையாது. உள்வாடகைக்கு விட முதன்மை வாடகைதாரர் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வீட்டில் ஒரு பகுதியை மட்டும் விடுவதற்கு நியாயமான காரணம் இருந்தால், அனுமதி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கேட்காமலே விட்டிருந்தால், உரிமையாளர் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்யும் நிலை வரலாம். அவருடைய ஒப்பந்தம் முடிந்தால், வீட்டைக் காலி செய்யச் சொல்லி உங்களிடமும் உரிமையாளர் கேட்கலாம். ஒழுங்காக வாடகை கட்டியது அப்போது உங்களைக் காப்பாற்றாது.

கேட்க வேண்டிய கேள்வி: "உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியைக் காட்ட முடியுமா?" நேர்மையாக வீட்டை விடுகிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மூன்றாம் வகை: ஆளுக்கொரு தனி ஒப்பந்தம்

ஒவ்வொருவரும் தம் அறைக்கு மட்டும் உரிமையாளரோடு நேரடியாக ஒப்பந்தம் போடுவது. மாணவர் விடுதிகளிலும், நிறுவனங்கள் நடத்தும் பகிர்வு வீடுகளிலும் இது சகஜம். யார் போனாலும் வந்தாலும் உங்கள் வாடகை மாறாது. பண விஷயத்தில் இதுதான் பாதுகாப்பு. ஆனால் அடுத்த அறைக்கு யார் வருவார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு இருக்காது.

அட்வான்ஸ்: எவ்வளவு கேட்கலாம், எப்போது திரும்பும்?

சென்னை, பெங்களூருவில் 10 மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. ஜெர்மனியில் 'கௌட்ஸியோன்' எனப்படும் அட்வான்ஸ், அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகைதான். வெப்பம், தண்ணீர் போன்ற செலவுகளைச் சேர்க்காத வாடகை அது. அதையும் மூன்று மாதத் தவணைகளாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. முதல் தவணை குடியேறும்போது. "முழுசா இப்பவே போடணும்" என்று கட்டாயப்படுத்த முடியாது.

அடிப்படை வாடகை 400 யூரோ என்றால் அட்வான்ஸ் 1,200 வரை போகலாம். மாதம் 992 எடுக்கும் ஒருவருக்கு இந்தத் தவணை உரிமை எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

பகிர்ந்த வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. காலி செய்கிறவர், "என் அட்வான்ஸை நீ எனக்குக் கொடுத்துடு, நீ போகும்போது அடுத்தவர்கிட்ட வாங்கிக்கோ" என்பார். எளிதாகத் தெரியும். ஆனால் அவர் காலத்தில் உடைந்த கதவு, கறை படிந்த சுவர் எல்லாம் உங்கள் கணக்கில் வந்து சேரும். இப்படி வாங்கிக்கொள்வதாக இருந்தால் இரண்டு விஷயம் கட்டாயம். உரிமையாளர் அல்லது முதன்மை வாடகைதாரர், 'இனி இந்த அட்வான்ஸ் இவருடையது' என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். அறையின் நிலையைக் குறிக்கும் ஒப்படைப்புப் பத்திரம் வேண்டும். சாவி கைக்கு வந்த அன்றே அறையை வீடியோ எடுத்து, தேதியோடு மெயிலில் அனுப்பி வையுங்கள்.

அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்று சட்டத்தில் நிலையான கெடு இல்லை. சில மாதங்கள் ஆவது சகஜம். செலவுக் கணக்கு முடியும்வரை ஒரு பகுதியைப் பிடித்து வைக்கவும் செய்வார்கள். அதனால் நாடு திரும்புகிறவர்கள் ஜெர்மன் வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூட வேண்டாம்.

முகவரிப் பதிவு: இது இல்லாமல் எதுவும் நகராது

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு 'ஆன்மெல்டுங்' என்று பெயர். வரி எண் தபாலில் வருவது இந்த முகவரிக்குத்தான். வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதங்களும், வங்கிக் கடிதங்களும் இங்கேதான் வரும். நீங்கள் எந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தின் கீழ் வருகிறீர்கள் என்பதும் வசிப்பிடத்தைப் பொறுத்தது. தாமதித்தால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம்.

பதிவுக்கு, 'இவர் இந்த வீட்டில் குடியேறியிருக்கிறார்' என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் உள்வாடகைதாரர் என்றால் முதன்மை வாடகைதாரரே இந்தச் சான்றைத் தரலாம்.

"அறை உண்டு, ஆனால் பதிவு செய்ய முடியாது" என்று சில விளம்பரங்களில் பார்ப்பீர்கள். அனுமதி இல்லாத உள்வாடகையாக இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. சில நாள் தங்கலுக்குப் பரவாயில்லை. மாதக்கணக்கில் தங்கப் போகிறீர்கள் என்றால் விலகிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் உண்டு. வேறு இடத்தில் தங்கிக்கொண்டு, நண்பர் வீட்டு முகவரியில் பதிவு செய்வது. "அட்ரஸ் மட்டும் போட்டுக்கிறேன்டா" என்று யாராவது கேட்டால் நட்புக்காகக்கூட சரி சொல்லாதீர்கள். உண்மையில் குடிவராதவருக்கு முகவரி கொடுப்பது சட்டமீறல். அபராதத்தின் உச்சவரம்பு 50,000 யூரோ.

சின்ன விஷயம், ஆனால் பலர் தவறவிடுவது: அங்குள்ள அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டு எண்ணை வைத்துத் தபால் பிரிப்பதில்லை. தபால் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். குடியேறிய அன்றே உங்கள் பெயரையும் அந்தப் பெட்டியில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் முக்கியமான கடிதம் திரும்பிப் போய்விடும்.

மாத பில்கள்: யார் பெயரில் இருக்கிறதோ அவரே பொறுப்பு

வாடகை விளம்பரங்களில் இரண்டு சொற்கள் வரும். 'கால்ட்மீட்டே' என்பது வெறும் இடத்துக்கான அடிப்படை வாடகை. 'வார்ம்மீட்டே' என்பது வெப்பம், தண்ணீர், குப்பை அகற்றுதல் போன்ற செலவுகளுக்கான முன்தொகையும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் தனி. விளம்பரத்தில் எது சேர்ந்திருக்கிறது என்று தெளிவாகக் கேளுங்கள்.

செலவுகளுக்கு நீங்கள் மாதாமாதம் கட்டுவது முன்தொகைதான். ஆண்டு முடிந்த பிறகு உண்மையான செலவைக் கணக்கிட்டு, மிச்சம் இருந்தால் திருப்பித் தருவார்கள்; குறைந்தால் கேட்பார்கள். இந்தக் கணக்கை அனுப்ப உரிமையாளருக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. உதாரணமாக, 2024ஆம் ஆண்டுக் கணக்கு 2025 டிசம்பர் 31 வரைகூட வரலாம். அதன் பிறகு வந்தால், தாமதத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று காட்டாவிட்டால், கூடுதல் தொகை கேட்க முடியாது.

பகிர்ந்த வீட்டில் இதன் பொருள் என்ன? ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துவிட்டு மார்ச்சில் காலி செய்து போன நண்பரின் பில், அடுத்த ஆண்டு உங்கள் கைக்கு வரலாம். ஆகவே யாராவது வெளியேறும்போது, ஹீட்டர் மீட்டர் அளவைப் படமெடுத்து, பின்னால் வரும் கணக்கில் அவர் பங்கு எவ்வளவு என்று அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

மின்சாரம், இணையம் இரண்டும் பொதுவாக ஒருவர் பெயரில்தான் இருக்கும். பில் கட்டாவிட்டால் நிறுவனம் அவரைத்தான் தேடும். நாளைக்குத் தனி வீடு தேடும்போது கேட்கப்படும் ஷூஃபா அறிக்கையில் பாதிப்பு வந்தால் அதுவும் அவருக்குத்தான். இணைய ஒப்பந்தம் உங்கள் பெயரில் என்றால், மின்சாரம் இன்னொருவர் பெயரில் இருக்கட்டும். எல்லாம் ஒரே தலையில் வேண்டாம்.

அடுத்தது ஒலிபரப்புக் கட்டணம். டிவி இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. 2021 ஆகஸ்டில் நிர்ணயிக்கப்பட்ட தொகை மாதம் 18.36 யூரோ. கவனிக்க: இது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. முகவரிப் பதிவு முடிந்ததும் உங்கள் பெயருக்கே கடிதம் வரும். பயந்து பணம் கட்டிவிடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினால் போதும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 6.12 யூரோதான்.

சமையலறை, ஜன்னல், ஞாயிற்றுக்கிழமை

பணத்துக்கு அடுத்தபடியாக நட்பு உடைவது இங்கேதான்.

குளிர்காலத்தில் ஜன்னலை இறுக மூடிவிட்டு, குக்கர் வைத்து, துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். சரியாகக் காற்றோட்டம் விடவில்லை என்று காட்டி, அட்வான்ஸில் பிடித்தம் செய்ய முயல்வார்கள். தினமும் இரண்டு மூன்று முறை, சில நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்துவிடுவது அங்குள்ள வழக்கம். பல வாடகை ஒப்பந்தங்களிலேயே இது எழுதப்பட்டிருக்கும். கடுகு, மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடி ஜன்னலைத் திறப்பது நல்லது. வாசனை ஒரு காரணம். படுக்கையறையிலும் நடைபாதையிலும் புகை அலாரம் கட்டாயம் என்பது இன்னொரு காரணம்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஞாயிறும் பொது விடுமுறையும் முழு நாளும் அமைதிதான். சுவரில் ட்ரில் போடுவது, காலி பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் எறிவது போன்றவற்றை அன்று செய்யக் கூடாது. குப்பையையும் காகிதம், பேக்கேஜிங், உணவுக் கழிவு, கண்ணாடி, மற்றவை என்று பிரிக்க வேண்டும். ஒருவர் மாற்றிப் போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும்தான் கேட்பார்.

சுத்தம் செய்யும் முறைப் பட்டியலுக்கு 'புட்ஸ்ப்ளான்' என்று பெயர். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். "நமக்குள்ள என்ன பட்டியல்?" என்று தோன்றலாம். இரண்டு மாதம் ஒருவரே பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சில வேகேக்களில் சேர்ந்து சமைத்து, சேர்ந்து ஊர் சுற்றுவார்கள். சிலவற்றில் வாடகையை மட்டும் பகிர்ந்துகொண்டு அவரவர் வழியில் போவார்கள். அதற்கு 'ஸ்வெக்-வேகே' என்று தனிப் பெயரே உண்டு. இரண்டிலும் தவறில்லை. நீங்கள் ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றில் மாட்டிக்கொள்வதுதான் சிக்கல். உங்களை நேர்காணல் போல உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் சங்கடப்பட வேண்டாம். அதே நேரத்தில் நீங்களும் அவர்களைக் கேளுங்கள்.

எல்லோரும் தனித்தனியாகப் பொறுப்புக் காப்பீடு எடுப்பதும் முக்கியம். கட்டடம் முழுமைக்குமான பூட்டு அமைப்பின் சாவியைத் தொலைத்தால், எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு ஆயிரக்கணக்கான யூரோ ஆகலாம். நீங்கள் எடுக்கும் பாலிசியில் சாவி இழப்பும், வாடகை வீட்டுச் சேதமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியேறுவது எப்படி?

வாடகைதாரருக்கான பொது நோட்டீஸ் காலம் மூன்று மாதம். மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் நோட்டீஸ் கிடைத்தால் அந்த மாதமும் கணக்கில் சேரும். மார்ச் மூன்றாவது வேலை நாளுக்குள் கொடுத்தால் மே 31 அன்று முடியும். ஒரு நாள் தவறினால் ஜூன் 30. அதாவது, ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு மாத வாடகை.

இதில் ஒரு விதிவிலக்கு. முதன்மை வாடகைதாரர் அதே வீட்டில் வசித்து, உங்கள் அறையைப் பெரும்பாலும் தம் சாமான்களோடு கொடுத்திருந்தால், 15ஆம் தேதிக்குள் சொல்லி அந்த மாத முடிவிலேயே ஒப்பந்தத்தை முடிக்கலாம். நீங்கள் அவரிடமும் சொல்லலாம், அவர் உங்களிடமும் சொல்லலாம். 15 நாளில் வேறு இடம் தேட வேண்டியிருக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

நோட்டீஸ் காகிதத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாட்ஸ்ஆப், மெயில், பிடிஎஃப் எதுவும் செல்லாது. கூட்டு ஒப்பந்தம் என்றால் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். குறிப்பிட்ட காலம் வரை காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள். இன்டர்ன்ஷிப்புக்கு வேறு ஊர் போக வாய்ப்புள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

தகராறு வந்தால் தனியாகப் போராட வேண்டாம். நகரங்களில் 'மீட்டர்ஃபெரைன்' எனப்படும் வாடகைதாரர் சங்கங்கள் உண்டு. உறுப்பினரானால் சட்ட ஆலோசனை கிடைக்கும். பல பல்கலைக்கழக ஊர்களில் மாணவர் நலச் சேவை அமைப்பும் மாணவர் மன்றமும் இலவசமாகவே ஆலோசனை தருகின்றன.

இந்தியாவிலிருந்தே வீடு தேடுகிறீர்களா?

"நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இது மிகப் பழைய மோசடி. அந்த ஊரில் இருக்கும் யாரையாவது நேரில் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது வீடியோ அழைப்பில் வீட்டையும் தெருவையும் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் கையில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். முதல் சில வாரங்களுக்குத் தற்காலிக இடம் எடுத்துவிட்டு, நேரில் பார்த்து முடிவு செய்வது செலவானாலும் பாதுகாப்பு.

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

1. ஒப்பந்தத்தில் யார் யார் பெயர் இருக்கிறது? நான் முதன்மையா, உள்வாடகையா?
2. உள்வாடகை என்றால், உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா?
3. முகவரிப் பதிவுக்கான சான்று தருவீர்களா?
4. அட்வான்ஸ் யாரிடம் இருக்கும், யார் திருப்பித் தருவார்?
5. மின்சாரம், இணையம், ஒலிபரப்புக் கட்டணம் யார் யார் பெயரில்?
6. ஒருவர் திடீரெனப் போனால், புது ஆள் வரும்வரை அவர் பங்கை யார் கட்டுவது?
7. போன பிறகு வரும் செலவுக் கணக்கில் அவர் பங்கு என்ன?

முதல் ஐந்துக்கும் பதில் வீடு கொடுப்பவரிடம் இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேசித்தான் பதில் கண்டுபிடிக்க வேண்டும். பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அது வீட்டு உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்களுக்குள் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

நம்மில் பலருக்கு இதைக் கேட்கவே கூச்சம். நேற்றுதான் பழக ஆரம்பித்தவரிடம் பேப்பரை நீட்டினால் "என்னை நம்பலையா?" என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். யோசித்துப் பாருங்கள்: எட்டாவது மாதம் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனவர் தவறு எதுவும் செய்யவில்லை. அவர் போனால் என்ன செய்வது என்று யாரும் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான். முதல் வாரத்தில் அரை மணி நேரம் பேசியிருந்தால், அவர் தன் பங்கைக் கட்டிவிட்டு, புது ஆளையும் தேடிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டில்தான் தங்கியும் இருப்பார்.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் ஒப்பந்தத்தில் சந்தேகம் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்த ஊரிலுள்ள ஆலோசனை மையத்தில் காட்டுங்கள்.)